8 எழுத்து ஊருக்கு 27 எழுத்து முகவரி

காவேரிப்பாக்கம் என்னும் ஊரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கா, வே, ரி, ப், பா, க், க, ம் என எட்டே எழுத்துகள். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே, பல்லவர் காலத்துப் பேரேரி ஒன்றை ஒட்டி அமைந்த ஊர் இது. 1752இல் கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரரின் துணை பெற்ற படையும் இங்கே மோதின. அதனால் ஆங்கில வரலாற்று நூல்களிலும் இவ்வூருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்நூல்கள் ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதின. இன்றும் ஆங்கில எழுத்தில் எழுத முனைந்தால், தொடக்கத்தில் வருவது 'கே' எழுத்தா 'சி' எழுத்தா, முடிவில் 'பாக்' போதுமா 'பாக்கம்' வேண்டுமா என்று தயங்க நேரிடும். தமிழில் எழுதும் நமக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியாக வைத்துக்கொள்ள இயலுமா? இயலும். பெயரை அடுத்து ஒரு புள்ளி, அதன்பின் 'இந்தியா' என்ற சொல். இம்முறை நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அம்முகவரியைக் கணிப்பொறிகள் தமக்குள் எவ்வாறு எழுதிக்கொள்ளும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் எக்ஸ், என், அடுத்து இரண்டு சிறு கோடுகள். பிறகு: சி எல் சி ஏ ஏ 6 எஃப் ஏ 0 ஏ ஜே 3 பி 6 ஈ ஈ ஐ 8 ஜி வி டி டி சி. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 27 குறிகள். இது காவேரிப்பாக்கம்தான், ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் கோட்டையும் மட்டுமே அறிந்த ஓர் ஏற்பாட்டுக்குள் நுழைவதற்காக வேடம் புனைந்த காவேரிப்பாக்கம்.

இந்த வேடத்தைப் புனைந்தவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் செய்த வேலையை நுணுகிப் பார்த்தால் குறை வேறிடத்தில் இருப்பது தெரியும்.

37 குறிகளின் ஆட்சி

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் உண்டு. எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஆகவே எண்ணுக்குப் பதில் பெயர். தொடக்க நாட்களில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன; அமெரிக்காவில் ஓரிடத்தில் அப்பட்டியலைப் பேணி, மற்றவர்கள் அதைப் படி எடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் பெருகியதும் பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், பெயரைப் புள்ளிகளால் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரை வைக்கும் முறையை வகுத்தார். 'டொமைன் பெயர்' முறை என்பது இதுவே. அஞ்சலகம் கடிதத்தை மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று இறக்கிக்கொண்டு போவதைப் போன்றது இது. இங்கே கடைசிப் பகுதிதான் முதலில் படிக்கப்படும்.

பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம்? ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 10 எண்கள், ஒரு சிறு கோடு, ஆக 37. ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். மோக்கபெட்ரிஸ் வகுத்த முறை, உள்ளே எந்த பைட் வந்தாலும் சுமந்து செல்லக் கூடியது. 37 என்ற வேலியைப் போட்டது அந்த முறையன்று. அதற்கு முன்பே கணிப்பொறிப் பெயர்களுக்கு இருந்த வழக்கம். அந்த வழக்கத்துக்கு அடிப்படை 1963இல் அமெரிக்கர் வகுத்த, 128 இடங்களே கொண்ட ஆஸ்கி என்னும் எழுத்துக் குறிமுறை. அதில் ஆங்கிலத்துக்குத் தேவையானவை இருந்தன. வேறு எவருக்கும் எதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரரின் மேற்குறி இட்ட எழுத்துக்குக்கூட இடமில்லை.

சிங்கப்பூரில் எழுந்த கேள்வி

இந்த வேலியை உடைக்கும் முயற்சியில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ ஆகியோரின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. பக்கத்தின் உள்ளே தமிழ் வந்துவிட்டது. அப்பக்கத்தின் முகவரியோ ஆங்கிலத்தில் இருந்தது. 1996இல் மார்ட்டின் டூர்ஸ்ட் என்பவர், பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளாக மாற்றி முகவரிக்குள் அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 1998இல் அதே டான் டின் வீயின் குழுவினர் சிங்கப்பூரில் பன்மொழி முகவரிகளை இயக்கிக் காட்டினர்.

வல்லுநர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உலகெங்கும் பெயர்களைத் தேடித் தரும் சர்வர்கள் அனைத்தையும் தமிழையும் சீனத்தையும் நேராக ஏற்கும்படி திருத்துவது ஒன்று. சர்வர்களைத் தொடாமல், பெயரை அனுப்பும் முன்பே ஆங்கில எழுத்துகளாக மாற்றிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழி வென்றது. 2003 மார்ச்சில் அதற்கான விதிகள் வெளிவந்தன. மாற்றும் கணக்குக்குப் பியூனிகோடு என்று பெயர். வகுத்தவர் ஆடம் கோஸ்டெல்லோ.

அந்தக் கணக்கு அழகானது. சற்றே பொறுமையோடு பாருங்கள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு என்னும் அட்டவணையில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அதில் 'க'வின் எண் 2965, 'ப' 2986, 'ம' 2990, 'ர' 2992, 'வ' 2997. காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்கள். புள்ளியின் எண் 3021. ஆகவே நாம் எட்டு எழுத்து என்று எண்ணிய காவேரிப்பாக்கம், யூனிகோடின் கணக்கில் 15 குறிகள்.

இனி, பழைய அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் சொல்லை இடமிருந்து வலமாகக் கோப்பதில்லை. எழுத்துப் பெட்டியில் எண் வரிசைப்படி கை வைக்கிறார். முதலில் மூன்று 'க'வையும் எடுத்து வரிசையாக வைக்கிறார். அடுத்து இரண்டு 'ப'வை எடுத்து, முதல் 'க'வுக்குப் பின் செருகுகிறார். பின்னர் 'ம'வைக் கடைசியில் வைக்கிறார். 'ர', 'வ', கால், மேல்விலங்கு, கொம்பு என்று செருகிக்கொண்டே வந்து, முடிவில் மூன்று புள்ளிகளையும் உரிய இடங்களில் இட்டால் ஊரின் பெயர் முழுமை பெற்றுவிடும். பியூனிகோடு எழுதி வைப்பது எழுத்துகளையன்று. 'அடுத்த எழுத்துக்கு எத்தனை கட்டம் தாவினேன், எந்த இடத்தில் செருகினேன்' என்னும் குறிப்புகளை மட்டுமே. தமிழ் எழுத்துகள் ஒரே பகுதியில் நெருங்கி இருப்பதால் தாவல்கள் சிறியவை, குறிப்புகளும் சிறியவை. மூன்று 'க'வில் பின்னிரண்டுக்கும் ஒரே ஓர் 'ஏ' போதுமானதாக இருக்கிறது; மேலே தந்த வரிசையில் அந்த இரண்டு 'ஏ'க்களையும் நீங்கள் காணலாம்.

ஒப்பிட்டுப் பார்ப்போம். யூனிகோடை நேராக அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். காவேரிப்பாக்கத்துக்கு 45 பைட். பியூனிகோடில் முன்னொட்டையும் சேர்த்து 27தான். முகவரியின் ஒரு பகுதி 63 பைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. வேலூரை அடுத்த திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பெயரை இடைவெளி இன்றி எழுதினால் 25 குறிகள். நேராக அனுப்பினால் 75 பைட் ஆகி வேலிக்கு வெளியே நிற்கும். பியூனிகோடில் அது உள்ளே அடங்கிவிடும். முதல் வழியே சிறந்தது என்று இன்று வாதிடுவோர் இதை மறக்கக் கூடாது.

யூனிகோடு உயிர்மெய்யை உடைத்துவிட்டது என்ற மனக்குறை தமிழறிஞர் பலருக்கு உண்டு. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 என்னும் முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதும் அந்த மனக்குறையின் விளைவே. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முகவரியைப் பொறுத்தமட்டில் உடைத்ததால் பெரிய இழப்பு ஒன்றும் நேரவில்லை என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. நாம் கோபப்பட வேண்டிய இடம் இதுவன்று.

முதல் பரீட்சை

2007 அக்டோபரில் ஐகான் என்னும் உலக அமைப்பு பதினொரு சோதனை முகவரிகளை ஏற்படுத்தியது. தமிழுக்கும் ஒன்று கிடைத்தது. முகவரியின் கடைசிப் பகுதியில் தமிழ் எழுத்து ஏறியது அதுவே முதன்முறை. பெருமைப்பட வேண்டிய செய்திதான். அந்தப் பகுதிக்குத் தேர்ந்தெடுத்த சொல் என்ன தெரியுமா? 'பரிட்சை'. ரீயன்று, ரி. பேச்சு வழக்கை ஒட்டி அப்படி எழுதுவோர் உண்டு என்றாலும், நம் பள்ளிப் பிள்ளைகள் கற்கும் வடிவம் பரீட்சை. போதாக்குறைக்கு, பரீட்சை என்றால் நம் நினைவுக்கு வருவது வினாத்தாளும் மேற்பார்வையாளரும். கருவியைச் சோதிப்பதற்குச் சோதனை என்ற எளிய சொல் இருக்கிறது. உலகப் பட்டியலில் ஏறிய முதல் தமிழ்ச் சொல்லை, எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கும் ஒருவரிடம் காட்டியிருக்கலாம். 2013இல் சோதனை முகவரிகள் யாவும் நீக்கப்பட்டன.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. 2009 நவம்பர் 16இல் நாடுகளின் பெயர்களைச் சொந்த எழுத்தில் கேட்டுப் பெறும் வழி திறக்கப்பட்டது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள் ஆகியவை அரபு எழுத்தில் முதலில் நுழைந்தன. அதே ஆண்டில் 'இலங்கை'யும், 2011இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' ஆகியவையும் தமிழ் எழுத்தில் ஏறின. இந்தியா அப்போது ஏழு மொழிகளில் பெற்றது. இந்தி, வங்காளம், தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகிய ஆறிலும் நாட்டின் பெயர் 'பாரத்' அல்லது அதன் வடிவம். தமிழில் மட்டும் 'இந்தியா'. மக்கள் வழங்கும் பெயரையே வைத்தது நல்ல தேர்வு.

கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு வேறு

தமிழில் முகவரி என்றவுடன் ஒரு புதிய தொல்லை எழுகிறது. காவேரிப்பாக்கத்திலிருந்து சென்னை செல்லும் வழியில் உள்ள ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை இரண்டு விதமாகத் தட்டலாம்: ஸ்ரீ, ஶ்ரீ. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒன்று 'ஸ'வை முதலாகக் கொண்டது. மற்றொன்று, யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட, அரிதாகவே வழங்கும் வேறொரு சகரத்தை முதலாகக் கொண்டது. கணிப்பொறிக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். ஒன்றை நகராட்சி பதிவு செய்ய, மற்றொன்றை மோசடிக்காரன் பதிவு செய்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

பழைய தமிழ் எண்களை நினைத்துப் பாருங்கள். ௧ என்பது ஒன்று; க என்பது எழுத்து. ௨ இரண்டு, உ எழுத்து. எட்டுக்கும் அகரத்துக்கும், ஏழுக்கும் எகரத்துக்கும் இதே உறவு. கல்வெட்டிலும் ஓலையிலும் இது சிக்கலாக இருந்ததில்லை. இடம் பார்த்துப் பொருள் கொண்டார்கள். முகவரிக்கு அந்த வசதி கிடையாது. இனி, காலும் ரகரமும் சில எழுத்துருக்களில் இரட்டைப் பிள்ளைகள். 'ஔ' என்பதும், 'ஒ'வை அடுத்து 'ள' இடுவதும் அப்படியே. எல்லை தாண்டிப் பார்த்தால் மலையாள உகரம் நம் உகரத்தை ஒத்திருக்கிறது. இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ரஷ்ய எழுத்துகளைக் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றும் ஒரு முகவரியை 2017இல் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார். பல உலாவிகள் ஏமாந்தன.

பிராமியிலிருந்து கிளைத்த ஒன்பது வரிவடிவங்களுக்கான வல்லுநர் குழு 2019இல் தமிழுக்கு விதிகளை வகுத்தது. இரண்டு ஸ்ரீயும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்று அது முடிவு செய்தது. எண்களுக்கு அந்த விதிகளில் இடமே இல்லை. நல்ல வேலை. ஆனால் அந்த விதிகள் முகவரியின் கடைசிப் பகுதிக்கு, அதாவது 'இந்தியா', 'இலங்கை' போன்றவை நிற்கும் இடத்துக்கு உரியவை. ஊரும் கடையும் வங்கியும் நிற்பது அதற்கு முந்திய பகுதியில். அங்கே எதை அனுமதிப்பது என்பது அந்தந்தப் பதிவகத்தின் பொறுப்பு. வீட்டின் தலைவாசலுக்குப் பூட்டு வாங்கிவிட்டு அறைகளை அவரவர் விருப்பத்துக்கு விட்டது போல் இருக்கிறது இது.

எழுத்துக்கூட்டல் வேறு கதை. ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை, ராணிபேட்டை என மூன்றையும் கடைப் பலகைகளிலும் அரசு ஆணைகளிலும் காண்கிறோம். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்பும் இவை ஒன்றாகவில்லை. மூன்றும் மூன்று முகவரிகள்தாம். சீன மொழிக்குப் பழைய வடிவ எழுத்தையும் எளிய வடிவ எழுத்தையும் ஒருவருக்கே சேர்த்து வழங்கும் ஏற்பாடு இருக்கிறதே, நமக்கும் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அது எழுத்தின் வடிவம் பற்றியது. வல்லினம் மிகுமா மிகாதா என்பதை முடிவு செய்யும் வேலையை இயந்திரத்திடம் தர முடியாது. முகவரி வைப்பவர்தான் இரண்டு மூன்று வடிவங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். செலவு சற்றுக் கூடும்.

ஒரே அடையாளம், இரண்டு பொருள்

இதுவரை சொன்னவை யாவும் தீர்க்கக் கூடியவை. பாதிக்கு மேல் தீர்ந்தும்விட்டன. இனிச் சொல்வதே என் முதன்மையான குறை.

2003இல் தேர்ந்தெடுத்த வழியின் சாரம், நடுவில் உள்ள சர்வர்களைத் தொடாமல் ஓரங்களில் உள்ள நிரல்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்பது. நடுவில் இருப்பவை திறமையானவர்களின் பொறுப்பில் உள்ளவை. ஓரங்களில் இருப்பவை எண்ணற்றவை: உலாவி, கைப்பேசிச் செயலி, வங்கியின் படிவம், பள்ளிச் சேர்க்கைப் பக்கம், ரயில் பயணச்சீட்டுப் பக்கம். ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு. அவர்களுள் பலர் தமிழ் முகவரி ஒன்றைக் கண்டதே இல்லை. சுமையைத் தாங்க வல்லவர்களை விட்டுவிட்டு, சுமை இருப்பதே தெரியாதவர்களின் தலையில் அதை ஏற்றியது இத்திட்டம். அன்றைய நிலையில் வேறு வழி எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமையை மாற்றி வைத்தவர்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலையையும் அன்றே தொடங்கியிருக்க வேண்டும். அதற்கென ஒரு குழு அமைந்தது 2015இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின்.

விளைவைப் பாருங்கள். படிவங்களில் முகவரியைச் சரிபார்க்கும் நிரல்களுள் பல, கடைசிப் புள்ளிக்குப் பின் ஆங்கில எழுத்துதான் வரும் என்று நம்புகின்றன. அவற்றுள் பழையவை, அது நான்கு எழுத்தைத் தாண்டாது என்றும் நம்புகின்றன. 2001இல் 'மியூசியம்' என்ற ஆறெழுத்து முடிவு வந்தபோதே இந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஆங்கில எழுத்துக்கே அந்தக் கதி என்றால் தமிழுக்குக் கேட்க வேண்டுமா? படிவம் 'தவறான முகவரி' என்று சிவப்பில் எழுதும். முகவரி சரியானது, தவறு படிவத்தில். ஆனால் படிப்பவர் தம்மையே நொந்துகொண்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்தது இன்னும் கொடியது. ஏமாற்று முகவரி என்று ஐயம் எழும்போது, உலாவி அதன் உண்மை எழுத்துகளைக் காட்டாமல் எக்ஸ், என் என்று தொடங்கும் வேட வடிவத்தைக் காட்டும். ரஷ்ய எழுத்தில் செய்த போலி முகவரியிலிருந்து ஆங்கில வாசகரைக் காக்கும் எச்சரிக்கை அது. நல்லது. ஆனால் தமிழ் முகவரிகளைச் சரிவர அறியாத செயலிகளும், முகவரியை ஓரிடத்திலிருந்து படி எடுத்து மற்றோர் இடத்தில் ஒட்டும்போது பல உலாவிகளும், நேர்மையான தமிழ் முகவரியையும் அதே வேட வடிவத்தில்தான் தருகின்றன. ஆகவே ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள்: 'இது ஐயத்துக்குரியது', 'இது தமிழ்'. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த அடையாளம் எச்சரிக்கை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அது வெறும் குப்பை. நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டாத குப்பை.

'யார் ஐயா இன்று முகவரியைத் தட்டுகிறார்கள்? தேடினால் கிடைக்கிறது, சதுரக் கட்டப் படத்தைக் கைப்பேசியால் பிடித்தால் திறக்கிறது' என்று சிலர் வாதிடுவர். உண்மைதான், தட்டுவோர் குறைந்துவிட்டனர். ஆனால் முகவரிக்கு இரண்டு வேலைகள் உண்டு. போக வழி காட்டுவது ஒன்று. போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம்தானா என்று பார்த்துக்கொள்ள உதவுவது மற்றொன்று. முதல் வேலையை வேறு கருவிகள் எடுத்துக்கொண்டன. இரண்டாவதை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மின்கட்டணம் பாக்கி, உடனே செலுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு செய்தி வருகிறது. அதில் ஒரு முகவரி. பக்கத்தைத் திறந்தால் எல்லாம் தமிழில், சின்னம் உட்பட அசலைப் போலவே இருக்கிறது. போலியைக் காட்டிக்கொடுக்கக் கூடியது உச்சியில் உள்ள ஒரு வரிதான். அந்த வரி மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது.

எனவே தமிழ் முகவரி யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெளிவாகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைப் பதனிட்டுக் காலணி செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு ஆங்கில முகவரி போதும். வாங்குபவர் தமிழ் படிக்கப் போவதில்லை. அதே தொழிற்சாலையில் தைப்பவரும் ஒட்டுபவரும் சேமநிதிக் கணக்கைப் பார்க்க வேண்டும், மகளின் கல்வி உதவித்தொகைக்கு மனு செய்ய வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியில் அவர்களுள் சிலர் உருது படிப்பவர்கள். உருது வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. அதற்கென்று தனி விதிகளும் 2010இல் வகுக்கப்பட்டுவிட்டன. ஆகவே நுட்பம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. இருந்தும் தமிழ்நாட்டின் அரசுத் தளங்களை நாம் வழக்கமாக அடையும் முகவரிகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. உள்ளே தமிழ், வாசற்படியில் ஆங்கிலம். 1995இல் சிங்கப்பூரில் இருந்த அதே நிலை.

மின்னஞ்சலிலும் இதே கதைதான். புள்ளிக்கு முன்னும் பின்னும் தமிழ் எழுத்தே கொண்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கான விதிகள் 2012இல் வந்தன. கூகுளின் ஜிமெயில் 2014 முதல் அத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறி வருகிறது. ராஜஸ்தான் அரசு 2017இல் தேவநாகரி எழுத்தில் மக்களுக்கு மின்னஞ்சல் முகவரி தரத் தொடங்கியது. ஓர் அரசு முனைந்தால் செய்யக் கூடியதே என்பதற்கு இது சான்று. ஆனால் அம்முகவரியை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் படிவத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பது அந்தப் படிவத்தை எழுதியவரைப் பொறுத்தது.

நிரல் எழுதப் படிக்கும் மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடும். முகவரியைச் சரிபார்க்கும் பகுதி, எந்தப் படிவத்திலும் ஓரிரு வரிகள்தான். பழைய நிரலிலிருந்து படி எடுத்து ஒட்டும் வழக்கத்தால் அது அப்படியே கைமாறி வருகிறது. அந்த வரிகள் கடைசிப் பகுதியின் நீளத்தையும் எழுத்தையும் கட்டுப்படுத்துகின்றனவா என்று பாருங்கள். கட்டுப்படுத்தினால் அக்கட்டுப்பாட்டை நீக்குங்கள். முகவரி இருக்கிறதா இல்லையா என்பதை சர்வரிடம் கேட்டால் அது சொல்லிவிடும். பிறகு, வந்த முகவரியைத் திரையில் காட்டும்போது வேட வடிவத்தைத் தமிழாக்கிக் காட்டுங்கள். மாற்றித் தரும் நிரல்கள் எல்லா நிரல்மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமென்றால் மேலே உள்ள 27 குறிகளைக் கொடுங்கள். 15 குறிகளும் ஒழுங்காகத் திரும்பி வந்து, எட்டு எழுத்தில் ஊரின் பெயர் தெரிய வேண்டும்.